முழங்கை வரைக்கும்

"எங்க வரைக்கும் எடுக்கணும்?"

நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களிடம் இருபத்தெட்டு வருடமாக நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான். பதில் வந்துவிட்டால் மீதிக் கதை எனக்குத் தெரிந்துவிடும். முகம் மட்டும் என்றால் வீட்டில் பேச்சு ஆரம்பித்திருக்கிறது. முழங்கை வரைக்கும் கை என்றால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். காபித் தட்டை நீட்டும்போது வெளியே தெரிகிற அளவு அது. கணுக்காலிலிருந்து முழங்கால் என்றால் முகூர்த்தம் குறித்தாயிற்று. அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை காலைப் பிடிப்பார், வீடியோக்காரர் விளக்கைப் பிடிப்பார், ஊரே அந்தக் காலைப் பார்க்கும். அதற்கு மேல் என்றால் நான் எதுவும் கேட்கமாட்டேன். அவளாகவே "ஃப்ரெண்டு பர்த்டேக்கா" என்பாள். வருடத்துக்கு ஆறு முறை பிறந்தநாள் கொண்டாடும் ஃப்ரெண்டுகள் திருச்சியில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இந்தத் தொழில் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. லால்குடிப் பக்கம் என் அப்பாயி மருத்துவச்சி. நாங்கள் மருத்துவர் சமூகம். ஆண்கள் கத்தி பிடிப்பார்கள், பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குளிப்பாட்ட அப்பாயி போகும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். கொல்லைப்புற வழியாகத்தான் போவோம். காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையை அதன்மேல் கிடத்தி, பயத்தமாவில் மஞ்சளும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த உருண்டையை உடம்பில் உருட்டுவாள். மாவில் பூனைமுடி ஒட்டிக்கொண்டு வரும். பையன் என்றால் முதுகில் நாலு உருட்டு, அவ்வளவுதான். பெண் என்றால் நெற்றி, கன்னம், கை, கால் என்று ஓர் இடம் பாக்கியிருக்காது. பிள்ளை வீறிட்டு அழும். "பொட்டப்புள்ளைக்கு இப்பவே எடுத்தாத்தான் உண்டு" என்பாள் அப்பாயி. பிறந்த குழந்தையின் அந்த மென்முடி சில வாரங்களில் தானே உதிர்ந்துவிடும் என்று பிற்பாடுதான் எனக்குத் தெரியும். பத்து நாள் பிள்ளைக்கு அப்பாயி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்திருக்கிறாள்.

நான் 1996-இல் சென்னையில் ஆறு மாதம் தங்கிக் கற்றுக்கொண்டேன். 'சைனீஸ் பார்லர்' என்றால் அன்று சென்னையில் தனி மதிப்பு. அப்படி ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத் தனிக்கடை போட்டிருந்த ஓர் அம்மாதான் எனக்கு ஆசிரியை. முதல் மாதம் முழுக்க என் முழங்காலிலேயே நூல் ஓட்டிப் பழகச் சொன்னார். ஒரு முனை பல்லில், மறுமுனை இடது கையில், நடுவில் முறுக்கு. வலது கை விரல்கள் விரிய விரிய முறுக்கு ஓடிப்போய் முடியைக் கவ்வி வேரோடு இழுக்கும். பல்லில் கடித்துக் கடித்து என் முன்பல்லில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பல் டாக்டர் பார்த்துவிட்டு "டெய்லரா?" என்று கேட்டார்.

அடுத்த வருடம் உறையூரில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்தேன். நெசவுக்குப் பேர்போன ஊரில் எனக்கும் நூல் பிழைப்புதான். வீட்டுக்காரர் "சலூனா?" என்று இழுத்தார். "பியூட்டி பார்லர்" என்றேன். அந்த இங்கிலீஷுக்கு என்ன சக்தியோ, மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். அப்பாயியைக் கொல்லைப்புறமாக வரச்சொன்ன வீடுகளின் பேத்திகள் வாசல் வழியாக வந்து என் முன்னால் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். புருவத்துக்கு 10 ரூபாய்.

அந்தக் காலத்துக் கணக்கு எளிது. பெண் தனியாக வரமாட்டாள், அம்மாதான் கூட்டிவருவாள். என்ன எடுக்க வேண்டும், எது வரைக்கும் என்பதையும் அம்மாவே சொல்வாள். 1998-இல் சிந்தாமணியிலிருந்து ஓர் அம்மா மகளை இழுத்துக்கொண்டு வந்ததை மறக்க முடியாது. முதல் தடவை பார்த்துவிட்டுப் போன இடத்தில் 'பொண்ணுக்கு மீசை இருக்கு' என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "யாரும்மா சொன்னாங்க, மாப்பிள்ளையா?" என்று கேட்டேன். "அந்தப் பையன் எங்கம்மா பார்த்தான்? கேசரித் தட்டுல இருந்து தலையைத் தூக்கலையே. அவன் அக்காதான் கிட்டக்க வந்து தாடையைப் பிடிச்சுப் பார்த்தா" என்றார். அந்த ஆறேழு வருடத்தில் என்னிடம் வந்த பெண்களை எடை போட்டது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் கண்தான். மாமியார், நாத்தனார், ஓரகத்தி. ஆண்கள் பெண்ணின் நிறத்தையும் தலைமுடி நீளத்தையும் கேட்பார்கள்; கையில் பூனைமுடி இருக்கிறதா என்று பார்க்க அவர்களுக்குத் தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்க பிற்பாடு வேறு ஆட்கள் வந்தார்கள்.

மகள் மேலுதட்டைக் கொடுத்துவிட்டுக் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தாள். மேலுதட்டில் நூல் ஓடினால் எல்லோருக்கும் கண்ணில் நீர் வரும், பாதிப் பேர் தும்முவார்கள். அவள் எதற்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது இடம் அமைந்துவிட்டது. அவளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கைக்கும் காலுக்கும் வேக்ஸ். கடைகளில் டப்பா கிடைத்தாலும் அன்று எனக்குக் கட்டுப்படியாகாது. நானே காய்ச்சுவேன். சர்க்கரை, தண்ணீர், எலுமிச்சைச் சாறு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை தெரியும். பாகு நிறம் மாறித் தேன்போல ஆகும்போது இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் கமர்கட். பழைய ஜீன்ஸைக் கிழித்துப் பட்டைகள். முடி சாய்ந்திருக்கும் திசையில் பூச வேண்டும், எதிர்த்திசையில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும், இழுத்த கையோடு உள்ளங்கையை அந்த இடத்தில் அழுத்த வேண்டும். வலி பாதி அந்த அழுத்தத்தில் அடங்கும். குப்பைக்கூடையில் எறும்பு மொய்க்காத நாளே கிடையாது.

முழங்கை என்ற எல்லை எப்போது உடைந்தது என்று என் பில் புத்தகத்தைப் பார்த்தே சொல்லலாம். 1994-இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, அதே வருடம் ஐஸ்வர்யா ராய் உலக அழகி. திருச்சிக்கு அந்த அலை மெதுவாகத்தான் வந்தது. முதலில் ரவிக்கைக் கை ஏறியது. கை ஏற ஏற என் பாகும் ஏறியது. முழங்கை, அப்புறம் தோள், 2004, 2005 வாக்கில் அக்குள். அதுவரைக்கும் டப்பாவைப் புடவைக்கு அடியில் மறைத்து வைத்து ஆன் பிரெஞ்ச் கிரீம் போட்டுக்கொண்டவர்கள், டிவியில் கத்ரீனா கைஃப் வீட் விளம்பரத்தில் காலைத் தடவிக் காட்டிய பிறகு கணவனையே கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னார்கள். பெண்களுக்கென்று தனி ரேசரை ஜில்லெட் அமெரிக்காவில் 1915-லேயே விற்கத் தொடங்கிவிட்டதாம். கையில்லாத கவுன் அங்கே வந்த சமயம் அது. அங்கேயும் சட்டைக் கை ஏறிய பிறகுதான் கத்தி வந்திருக்கிறது.

தமிழில் இதைப் பேசவே ஒரு சங்கடம் உண்டு. 'மயிர்' என்ற நல்ல சொல்லை நாம் வசவாக்கி வைத்துவிட்டோம். பார்லருக்குள் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். 'ஹேர்' என்பார்கள், இல்லாவிட்டால் 'இது' என்பார்கள். "இதை எடுத்துடுங்கக்கா." எனக்கு இந்த விஷயத்தில் கண் திறந்தது ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரால். தாடையில் வளரும் நாலு வெள்ளை முடிக்காக மாதம் ஒருமுறை வருவார். பழைய காவியங்களில் பெண்ணின் வயிற்றில் தொப்புளுக்கு மேலே ஓடும் மெல்லிய முடிவரிசையை அழகென்று வர்ணிப்பார்களாம். வடமொழியில் ரோமாவளி, தமிழில் மயிரொழுங்கு. "அப்ப இன்னிக்கு என்கிட்ட வயித்து வேக்ஸ் பண்ணிக்க வர்றாங்களே டீச்சர்?" என்றேன். சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயத்தில் எப்படிப்பட்ட பெண்ணைக் கட்டக்கூடாது என்றொரு பட்டியல் இருக்கிறது; அதில் உடம்பில் முடியே இல்லாதவளும் உண்டு, முடி அதிகம் உள்ளவளும் உண்டு. "எவ்வளவுதான் இருக்கணுமாம்?" என்றேன். "அளக்குறது உன் வேலை" என்றார்.

அளப்பது என் வேலை மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. 2010-க்குப் பிறகு கல்லூரிப் பெண்களிடம் தாடையிலும் கன்னத்தின் ஓரத்திலும் கம்பி மாதிரி முடி அதிகம் பார்க்கிறேன். கழுத்தின் பின்னால் கருமை, முகத்தில் பரு. கேட்டால் மூன்று மாதமாகத் தூரமாகவில்லை என்பார்கள். என்னிடம் வருகிற மகப்பேறு டாக்டர் ஒருவர்தான் விளக்கினார். சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் கோளாறை 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். முடி எவ்வளவு என்று கணக்கிட டாக்டர்களிடமும் ஓர் அளவுகோல் இருக்கிறது. பெரிமன், கால்வே இருவரும் 1961-இல் வகுத்தது. இன்று உடம்பில் 9 இடங்களைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள். "எங்க வரைக்கும்" என்ற என் கேள்விதான், அங்கே எண்ணாக இருக்கிறது. அன்றிலிருந்து அப்படிப்பட்ட பெண்களை நூலோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் அனுப்புகிறேன்.

ஆனால் இந்த அறிவு மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டது. எங்கள் அப்பாயி காலத்தில் பெண்ணுக்கு முகத்தில் முடி இருந்தால் 'லட்சணம் இல்லை' என்பார்கள். இப்போது "நீர்க்கட்டி இருக்குமோ? குழந்தை தங்குமோ?" என்கிறார்கள். சகுனமாகப் பார்த்தவர்கள் ஸ்கேனாகப் பார்க்கிறார்கள். மேலுதட்டில் பூனைமுடி இருக்கிற எல்லோருக்கும் நீர்க்கட்டி கிடையாது, நீர்க்கட்டி உள்ளவர்கள் பிள்ளை பெறாமலும் இல்லை. இதை ஒரு சம்பந்தியம்மாளிடம் என் கடையில் வைத்தே சொன்னேன். அவர் அப்புறம் வரவில்லை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். 2016-இல் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பெண், மேலுதட்டுக்கு நூல் வேண்டாம், வலிக்கிறது, வேக்ஸ் போடுங்கள் என்றாள். போட்டு இழுத்தேன். முடியோடு தோலும் வந்துவிட்டது. பருவுக்காக ராத்திரியில் டிரெட்டினாயின் கிரீம் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த கிரீம் போட்டால் தோலின் மேலடுக்கு மெலிந்திருக்கும், வேக்ஸ் ஆகாது. கேட்காதது என் பிழை. அவள் என்னைத் திட்டவில்லை. "எங்க மாமியார் என்ன சொல்வாங்க?" என்றும் கேட்கவில்லை. போனை எடுத்து உதட்டைப் படமெடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிற கண் மாறிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நிச்சயத்துக்கு முன்பே அந்தப் பையன் அவளைத் தினமும் இரண்டு மணி நேரம் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தான். கேசரித் தட்டிலிருந்து தலை தூக்காத மாப்பிள்ளைகளின் காலம் போய்விட்டது.

இன்று வருகிறவர்களில் பாதிப் பேர் அம்மாவோடு வருவதில்லை. பம்பிள், டின்டர், தமிழுக்கென்றே வந்த 'அன்பே' என்ற செயலி எல்லாம் எனக்குப் பேர் தெரியும். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளுகிறார்கள். புருவத்தைத் தானே இழுத்துப் பிடிக்க வேண்டிய கை போனைப் பிடித்திருப்பதால் என் வேலைதான் தாமதமாகிறது. "டேட்" என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "ஒருத்தரை மீட் பண்றேன்" என்பார்கள். முதல் சந்திப்புக்குக் கை. மூன்றாவதற்குக் கால். எண்ணிக்கொண்டே வரலாம்.

பிகினி வேக்ஸ் என்று என்னிடம் முதலில் கேட்டது 2011-இல், பெங்களூரில் வேலை பார்த்த ஒரு பெண். எனக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டேன். பிரசவ வார்டுக்குப் போகுமுன் பெண்களைச் சிரைத்துவிடுகிற வேலையை எங்கள் சமூகத்துப் பெண்கள் செய்திருக்கிறார்கள். அதிலிருந்து தப்பித்து வந்த நான் மறுபடி அங்கேயே போவதா என்று ஒரு வீம்பு. அப்புறம் நாலு பேர் கேட்டார்கள். சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். வீம்பை விடக் கடை வாடகை பெரிது. இதில் ஒரு வேடிக்கை, பிரசவத்துக்கு முன் வழக்கமாகச் சிரைப்பது தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. டாக்டர்கள் விட்ட வேலையைக் காதலர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே வருகிற எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள்: "க்ளீனா இருக்கணும்க்கா." எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தும். முடி அழுக்கில்லை. அந்த இடத்துத் தோலை உராய்விலிருந்து காப்பதற்காக இருப்பது. எடுத்தால் கொப்புளம் வரலாம், முடி உள்நோக்கி வளைந்து தோலுக்குள்ளேயே வளரலாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "யார் சொன்னா?" தனக்கே பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள், அந்தக் குரல் தெளிவாக இருக்கும். சிலர் தயங்குவார்கள். ஒருத்தி போனையே நீட்டினாள். அவன் அனுப்பியிருந்த வெளிநாட்டுப் படம், 'இப்படி' என்று ஒரு வார்த்தை. அன்று நான் செய்யமாட்டேன் என்றுவிட்டேன். வேறு கடையில் செய்துகொண்டிருப்பாள். மறுத்தது என் திருப்திக்கு, அவ்வளவுதான். மற்ற நாட்களில் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

'கேஜிஎஃப்' படம் வந்த பிறகு இந்தப் பையன்கள் எல்லோரும் நெஞ்சு வரைக்கும் தாடி வளர்த்துக்கொண்டு திரிவதுதான் எனக்குத் தாங்காத சிரிப்பு. தாடியில் சாம்பார் ஒழுகுகிறவனுக்குப் பெண்ணின் முழங்கையில் இருக்கும் பூனைமுடி உறுத்துகிறது. சொல்லக்கூடாது, பையன்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். என் கடை பெண்களுக்கு மட்டும் என்பதால் தம்பி சலூனுக்கு அனுப்புவேன். முதுகு முடியை எடுக்க ஒரு பையன் வந்து ஒரு பட்டை இழுத்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டானாம்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. கடை பூட்டிய இரண்டாவது வாரத்திலிருந்து போன். "அக்கா, மீசை வந்துடுச்சு, என்ன பண்றது?" ஒன்றும் பண்ணாதே, வீட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் தாடையில் ஏழெட்டு முடி. இருபது வருடமாக அதை ஓர் அரை அங்குலம் கூட வளரவிட்டதில்லை. ஆறு வாரம் விட்டுவைத்தேன். என் கணவர் கவனிக்கவே இல்லை. இல்லை, கவனித்தும் சொல்லாமல் இருந்தாரா தெரியாது. கடை திறந்ததும் முகக்கவசம் வந்ததால் நூலைப் பல்லில் கடிக்க முடியாது. கழுத்தில் கட்டிக்கொண்டு செய்யப் பழகினேன். பழைய வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பவே இல்லை. வழியில் பார்த்துக் கேட்டால் "பழகிடுச்சுக்கா" என்றார்கள். இன்னும் சிலர் முகத்துக்கே சின்ன ரேசர் வாங்கிவிட்டார்கள். மழித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்று நாங்களே இத்தனை வருடம் பயமுறுத்தி வைத்திருந்தோம். அது பொய். வளர்வதெல்லாம் தோலுக்கு அடியில்; மேலே வெட்டுவது வேருக்குத் தெரியாது. நுனி மழுங்குவதால் தடிமனாகத் தோன்றும், அவ்வளவுதான்.

2024-இல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வந்த ஒரு சிறுமியின் படம் வெளியானபோது, மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் மேலுதட்டைக் கேலி செய்தார்கள். அந்த வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் அம்மாக்களோடு என்னிடம் வந்தார்கள். மூன்று பேருக்கும் எடுக்கும்படி அங்கே ஒன்றும் இல்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் கண்ணூரில் ஒரு பெண் தன் மீசையை எடுக்கமாட்டேன், எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லிச் செய்தியில் வந்தார். அந்த வாரம் என் வியாபாரத்தில் எந்தக் குறைவும் இல்லை.

சிந்தாமணிப் பெண்ணைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். அவள் மகளுக்கு இப்போது இருபத்தைந்து, சென்னையில் ஐடி வேலை. போன பொங்கல் லீவில் வந்தாள். அம்மா வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு "எது வேணும்னாலும் பண்ணிக்கட்டும், நான் கேட்கலை" என்று காய்கறிக் கடைக்குப் போய்விட்டாள். மகள் முழுக் கை, அக்குள், முழுக் கால் என்றாள். மறுநாள் யாரையோ சந்திக்கிறாள் என்பது புரிந்தது. கை முடிந்து, வலது கால் முடிந்து, இடது காலில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. படித்தாள். திருப்பிக் கவிழ்த்து வைத்தாள்.

"வரலையாமா?" என்றேன்.

"வர்றானாம். வேக்ஸ் பண்ணிட்டியான்னு கேட்கிறான்."

கொஞ்ச நேரம் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து உட்கார்ந்து ஜீன்ஸைத் தேடினாள்.

"பாப்பா, இன்னொரு கால் இருக்கு."

"அது இருக்கட்டும்க்கா. பசிக்குது."

பாதிக் காலுக்குக் கணக்குப் போடத் தெரியாமல் தோராயமாக வாங்கிக்கொண்டேன். அம்மா கத்தரிக்காயும் மொச்சையும் வாங்கிவந்து வண்டியிலேயே காத்திருந்தாள். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்து ஏதோ சொல்ல, அம்மா திரும்பி அவள் கால்களைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் உள்ளே கேட்டது. சட்டியில் மீதிப் பாகு இறுகிவிட்டிருந்தது. சுரண்டிப் போட்டுவிட்டுக் கடையைப் பூட்டினேன். காலையில் வந்து பார்த்தால் வாசல் வரைக்கும் எறும்பு.